திங்களும் செவ்வாயும் நிற்கும் ஜீப்

போன மாதம் என் மகள் ஒரு கார் வாங்கினாள். சாவி போடுகிற துவாரமே இல்லாத கார். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், கிளம்பிவிடுகிறது. கிளம்பியதா இல்லையா என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்கிறேன். குமுளியில் ஜவுளிக் கடைக்குப் போனபோது, "நீ ஓட்டுப்பா" என்று கொடுத்தாள். கடைக்கு முன்னால் பந்து விளையாடலாம் போலப் பெரிய சமதரை காலியாகக் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய், சந்துக்குள் ஒரு இறக்கத்தைத் தேடிப் பிடித்து, கார் கீழே பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"ஏம்ப்பா, ஊர்ல இம்புட்டு எடம் கெடக்கு. இங்க வந்து மூக்கு குத்துறாப்புல நிறுத்திருக்க?"

பழக்கம். எங்கள் மலைப்பக்கத்தில் அந்த நாளில் ஒரு டிரைவர் எப்படி ஓட்டுகிறான் என்று யாரும் பார்க்க மாட்டார்கள், எங்கே நிறுத்துகிறான் என்றுதான் பார்ப்பார்கள். சமதரையில் நிறுத்துகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. டீசல் வண்டிக்கு மலைக்குளிர் ஆகாது. காலையில் சாவியைத் திருகி செல்ஃப் அடித்தால் முக்கும், முனகும், பேட்டரி தீர்ந்து படுத்துக்கொள்ளும். இறக்கத்தில் நிறுத்தி வைத்தால் செல்ஃபே வேண்டாம். பிரேக்கை விட்டு, உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளச்சைச் சடாரென்று விட்டால் உயிர் வந்துவிடும். அதனால் கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் முதலில் வருகிற ஜீப் இறக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிந்தி வருகிறவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமதரைக்குப் போவான்.

எனக்கு இருபத்தாறு வயதில் ஒரு ஜீப் இருந்தது. மூன்றாம் கை மாறி வந்தது. பச்சை பெயின்ட் உரிந்த இடத்தில் நீலம் தெரியும், நீலம் உரிந்த இடத்தில் துரு தெரியும். ஆனால் நான் அதைத் துடைத்த துடைப்பைப் பார்த்தால் நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து இறங்கியது என்று நினைப்பீர்கள். சக்குபள்ளத்தில் ஒரு லயம். வரிசை வீடுகள். அங்கேயிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஏழரைக்குத் தோட்டத்தில் பேர் பதிவார்கள். ஏழரை தாண்டினால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான்.

தோட்டம் இருந்தது மேலே. லயம் இருந்தது நடுவில். கீழே ஓடைமேல் ஒரு சின்னப் பாலம், பாலத்தை ஒட்டி ஒரு சாயாக்கடை. இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். மேலே இருக்கிற தோட்டத்துக்குப் போக, நாங்கள் தினமும் முதலில் கீழே போவோம். ஜீப் இறக்கத்தைப் பார்த்து நிற்கிறதே! உருட்டி ஸ்டார்ட் செய்து, பாலம் வரைக்கும் போய், சாயாக்கடை முற்றத்தில் வண்டியைத் திருப்பி, அதே ரோட்டில் மேலே ஏறி, லயத்தைத் தாண்டிக்கொண்டு போவோம். நான் மட்டுமல்ல, அந்தப் பக்கத்து ஜீப் எல்லாமே அப்படித்தான். யாருக்கும் அது விநோதமாகத் தோன்றியதில்லை.

அந்த வருஷம் ஆனி மாதத்தில்தான் வம்பு ஆரம்பித்தது. ஜீப் நன்றாக உருளும், நன்றாகப் பிடிக்கும், பாலம் வரைக்கும் ராஜா மாதிரி போகும். சாயாக்கடை முற்றத்தில் திருப்பும்போது இரண்டு இருமல் இருமும். நின்றுவிடும். அப்புறம் செல்ஃப் அடித்தாலும் பன்னிரண்டு பேர் தள்ளினாலும் அசையாது.

டீசல் எஞ்சினுக்குக் காற்று ஆகாது. சுவாசிக்கக் காற்று வேண்டும்தான், ஆனால் டீசல் வருகிற குழாய்க்குள் ஒரு குமிழி புகுந்துவிட்டால் அதோடு சரி. பம்பு அமுக்கும், காற்று சுருங்கும், விரியும், எஞ்சினுக்குள் தெளிக்கிற நாசிலுக்கு ஒரு சொட்டு டீசல் போகாது. ஏர் பிடித்துவிட்டது என்போம். அதை வெளியேற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து, ஃபில்டர் தலையில் இருக்கிற திருகாணியைத் தளர்த்தி, பக்கத்தில் இருக்கிற கைப்பம்பைக் குத்த வேண்டும். முதலில் நுரையாக வரும். குத்திக்கொண்டே இருந்தால் நுரை குறையும், அப்புறம் சுத்தமான டீசல் வழியும். திருகாணியை முறுக்கிவிட்டு, பெரிய பம்பில் இருக்கிற திருகாணியிலும் அதையே செய்ய வேண்டும். கை தேர்ந்தவனுக்குப் பத்து நிமிஷம். எனக்கும் பத்து நிமிஷம்தான், ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு தடவை செய்து செய்து கை தேர்ந்துவிட்டது.

அந்த நுரை முழுக்க என் சட்டையில்தான். டீசல் வாடை சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. வண்டிப்பெரியாருக்குப் பெண் பார்க்கப் போனபோது கையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, பவுடர் போட்டு, ஏலக்காயை மென்றுகொண்டு போனேன். மூன்றும் டீசலோடு சேர்ந்து என்ன வாடை கிளப்பியதோ, பெண்ணின் அப்பா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தார். பெண் சம்மதித்தாள். ஏன் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "வேலை வெட்டி இருக்கிற ஆளுன்னு வாசத்துலயே தெரிஞ்சிச்சு" என்றாள். இப்போதும் அதை அவள் கேலியாகச் சொன்னாளா மெய்யாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

பாலத்தில் நின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மெக்கானிக் பேபிச்சேட்டன். நல்ல கைராசிக்காரர், ஆனால் எஞ்சினுக்கு முன்னால் நின்றுவிட்டால் அவருக்குத் 'தெரியாது' என்ற சொல்லே தெரியாது. என் ஜீப்பைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்து, காதை வைத்துக் கேட்டு, "பம்பு போயி" என்றார். பம்பைக் கழற்றித் துணியில் சுற்றி, தேனிக்கு ஓர் ஆளிடம் கொடுத்து அனுப்பினோம். அங்கே பிரித்துப் பார்த்து, அளவு பார்த்து, சீல் வைத்து அனுப்பினார்கள். ஒரு புதன்கிழமை மாட்டினோம். அன்றைக்கே குமுளிக்குப் போய் டீசலும் போட்டேன். வியாழன், வெள்ளி, சனி, குதிரை மாதிரி ஓடியது. "இப்ப எப்படி உண்டு?" என்று பேபிச்சேட்டன் மீசையை முறுக்கினார். திங்கட்கிழமை பாலத்தில் நின்றுவிட்டது.

அடுத்து நாசில் என்றார். அதையும் புதன்கிழமைதான் மாட்டினோம். வியாழன், வெள்ளி, சனி, குதிரை. திங்கட்கிழமை, பாலம். என் அம்மா ஜாதகத்தில் நம்பிக்கை உள்ளவர். ஜீப்புக்குச் செவ்வாய் தோஷம் என்று முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமை நிற்பானேன் என்று கேட்டதற்கு, "செவ்வாய் முந்தின நாளே வந்து உக்காந்துக்கிறான்" என்றார். நானும் பூசணிக்காய் உடைத்தேன். எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரம் ஏற்றினேன். தோஷம் பழத்தைச் சட்டை செய்யவில்லை.

ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம்தான் என்றாலும், ஏழரைக்குப் போய்ச் சேர வேண்டிய வண்டிக்குப் பத்து நிமிஷம் பெரிய விஷயம். தோட்டத்து சூப்பர்வைசர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். நல்ல மனுஷன், ஒரு தடவைகூடப் பெண்களைத் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"திங்களாழ்ச்சயும் லேட்டான்னா, செவ்வா முதல் வேற வண்டி. எனக்கும் மேல ஆளுண்டு."

அந்த வேற வண்டி யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். அவன் அணக்கரைப் பக்கத்து ஆள். வண்டியோடு ஆட்களையும் கொண்டு வருவான். எனக்கு டிரிப் போனால் வேறு டிரிப் பார்த்துக்கொள்ளலாம். லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் அந்தத் தோட்டத்தில் வேலையே போய்விடும்.

பெண்களை ஏற்றிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினேன். அவர்களில் எப்போதும் பேசுகிறவள் ராசாத்தி. என் வயதுதான் இருக்கும். ஜீப்பின் பின்படியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவாள், வாய் மட்டும் முன்சீட்டில் இருக்கும். என் ஓட்டு, என் ஜீப், என் கிராப்பு எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சொல் உண்டு. தோட்டத்தில் அவளுக்கு ஹோஸ் வேலை. மேட்டில் படுதா விரித்த குளத்தில் மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பார்கள். அதிலிருந்து நீளமான ஹோஸ் வழியாகத் தண்ணீரைத் தானாக இறங்க விட்டு ஏலச் செடிக்குக் காட்டுவது. லயத்து வாசலில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"ஏ டிரைவரு, நீ என்னைக்கு எண்ணெ ஊத்துவ?"

"புதன்கிழமை, விடியக்காலையில. ஏன்?"

"பொதன், வியாழன்லாம் நல்லாத்தான் ஓடுது. எண்ணெ வத்துன பெறகு, திங்களும் செவ்வாயுந்தான் மக்கர் பண்ணுது. எங்க கொளம் வத்துனா ஹோஸ் காத்துப் புடிக்கும்ல, அதே கததான் இது."

"டேங்கில் டீசல் இருக்கு. குச்சி விட்டுப் பார்த்தேன், நாலு விரக்கடை இருக்கு."

"இருக்கும்யா. கொளத்துல கூடத்தான் தண்ணி இருக்கும். ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கும், ஹோஸ் வாயி மறு பக்கம் காத்த உறிஞ்சிக்கிட்டுக் கெடக்கும். நீதான் ஜீப்பத் தலகுப்புறவே நிறுத்துறியே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேனிக்காரர்கள் பிரித்துப் பார்த்த பம்பு. பேபிச்சேட்டன் காது வைத்துக் கேட்ட எஞ்சின். இவள் ஹோஸ் பிடிக்கிறவள். "உன் குளத்தை நீ பாரு, என் எஞ்சினை நான் பார்த்துக்கிறேன்" என்றேன். இதைவிடக் கெட்டதாகவும் ஒன்று சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

"உனக்கு டிரிப்புதான் போகும். எங்களுக்குக் கஞ்சியே போகும், அத நெனச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக டீசல் வாங்கக் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் சொன்னதை நம்பி அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலைப்பாதையில் மண் சரிந்து நாலு நாளாக டேங்கர் லாரி ஏறவில்லை. இரண்டு பெட்ரோல் பங்க்கிலும் ஸ்டாக் இல்லை என்று அட்டை தொங்கியது. காலிக் கேனோடு திரும்பினேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். லயத்தில் ஒரு கொத்தனார் இருந்தார். சுவருக்கு மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, கண்ணாடி மாதிரி டியூப், அதில் ஒரு முழம் கேட்டு வாங்கினேன். டேங்கிலிருந்து டீசல் வருகிற குழாயை ஃபில்டருக்கு முன்னால் கழற்றி, நடுவில் இந்த டியூப்பைச் செருகி, பானெட்டுக்கு வெளியே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளைத்து விட்டேன். ஜீப்பை வழக்கம்போல உருட்டினேன். பாதி இறக்கத்திலேயே டியூப்பில் குமிழிகள் வந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, பாசிமணி கோத்த மாதிரி, ஃபில்டரைப் பார்த்துப் போயின. பாலத்தில் நின்றது. ஏர் எடுத்து, மேலே ஓட்டி வந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஜீப்பை மேட்டைப் பார்த்து நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. டேங்கில் உறிஞ்சுகிற குழாய் இருப்பது பின்பக்கம். மேட்டைப் பார்த்து நின்றால் நாலு விரற்கடை டீசலும் பின்னால் சாய்ந்து குழாயை மூழ்கடித்துவிடுகிறது. பாலத்து இறக்கம் அளவுக்குத் தோட்டத்து ரோடு செங்குத்து இல்லை, அதனால்தான் சாயங்காலம் இறங்கும்போது நிற்பதில்லை.

வெயிலில் டியூப்பைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் சொன்னது சரியாகிவிட்டதே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. சந்தோஷம் சோற்றுக்குப் பிறகுதான் வந்தது.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. மேட்டைப் பார்த்து நிறுத்தினால் உருட்ட முடியாது. செல்ஃபில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மத்தியான வெயிலில் செய்வது வேறு, மஞ்ஞுப் பனி மூடிய காலை ஆறே முக்காலுக்குச் செய்வது வேறு. பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பேபிச்சேட்டனிடம் சார்ஜ் போட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை. லயத்துப் பெண்கள் தூக்குப் போணியோடு வந்தார்கள். ஜீப் மேட்டைப் பார்த்து நிற்பதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்னடி இது? ஜீப்பு திரும்பி நிக்குது!"

"கிறுக்குப் புடிச்சிருச்சா இந்த ஆளுக்கு? நின்னுபோச்சுன்னா மேட்டுல யாரு தள்ளுறது? இன்னைக்குத்தான கெடு?"

ராசாத்தி ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்படிக்குப் போகாமல் முன்னால் வந்து என் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள்.

துணியை டீசலில் நனைத்துக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டி, குளிரை முறித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். செல்ஃப் சுற்றியது. சுற்றியது. பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன். அதுவரைக்கும் என் ஜீப் நின்றால் எனக்கு மானப் பிரச்சினை, அவ்வளவுதான். அன்றைக்குத்தான், பன்னிரண்டு வீட்டு அடுப்பும் இந்தச் சாவியில் தொங்குகிறது என்று உறைத்தது.

"இன்னொரு தடவ போடு" என்றாள் ராசாத்தி, மெதுவாக.

போட்டேன். ஒரு தடவை இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. ஒரு சிலிண்டர் அடித்தது, அப்புறம் இரண்டு, அப்புறம் நாலும் சேர்ந்துகொண்டன. பின்னால் யாரோ குலவை போட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். லயத்தில் என்ன விசேஷம் என்று ஆண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நாங்கள் கீழே போகாமல், நேராக, மேலே போனோம். தோட்டத்துக்குப் போனபோது மணி ஏழு பத்து. தோட்டத்துக் கதவே திறக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து எங்களைப் பார்த்துத் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் லயத்து வாசலில் ராசாத்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "சரி சரி, கிராப்ப மாத்து, அதுதான் இன்னும் தோஷமா இருக்கு" என்றாள். பேபிச்சேட்டனிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அது நான் அன்னைக்கே பறஞ்சதல்லே?" என்றார். சொன்னாரா இல்லையா என்று நான் சண்டை போடவில்லை. டிரிப் நிலைத்தது, வேலை நிலைத்தது. அப்புறம் பதினோரு வருஷம் அந்தப் பெண்களை நான் ஏற்றி இறக்கினேன். கல்யாணம் கட்டினேன், மகள் பிறந்தாள், அந்த ஜீப்பில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன். நல்ல வருஷங்கள்.

அந்தப் பெண்கள் இப்போது சிதறிவிட்டார்கள். சிலர் மகன்களோடு கம்பத்துக்கு இறங்கிவிட்டார்கள், இரண்டு பேர் இல்லை. தோட்டத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் வடக்கேயிருந்து வந்தவர்கள். பாலத்தை அகலப்படுத்திவிட்டார்கள், சாயாக்கடை முற்றம் ரோட்டோடு போய்விட்டது.

போன வருஷம் வண்டன்மேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ராசாத்தியைப் பார்த்தேன். முழங்கால் வலி, தலை முழுக்க வெளுத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. ஜீப்பை என்ன செய்தாய் என்றாள். உடைக்கப் போட்டுவிட்டேன் என்றேன். பிறகு அவளாக ஆரம்பித்தாள்.

"பாலத்துல நிக்குமே, ஞாபகம் இருக்கா? நீ உள்ள தலய விட்டு நோண்டிக்கிட்டு இருப்ப. நாங்க கைப்பிடிச் செவுத்துல வரிசையா உக்காந்துருப்போம். சாயாக்கடக்காரரு கட்டன் சாயா குடுப்பாரு. ஒருத்தி பேன் பாப்பா, ஒருத்தி கனாச் சொல்லுவா. எங்க கூட வர்ற முருகாயி மக கல்யாணத்த அந்தச் செவுத்துல வெச்சுத்தான் பேசி முடிச்சோம். வீட்டு வேலையும் இல்ல, தோட்ட வேலையும் இல்ல. யாரும் எங்கள ஏன் உக்காந்துருக்கன்னு கேக்க முடியாது. ஜீப்பு நின்னுபோச்சு, அம்புட்டுத்தான்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் பார்த்ததெல்லாம் திருகாணியும் நுரையும்தான். என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்திருக்கிறது, என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் பெருமையை விட முடியுமா?

"நீ சொன்ன பிறகு ஒரு தடவைகூட நின்னதில்ல தெரியுமா? பதினோரு வருஷம்!" என்றேன்.

"தெரியும்யா" என்றாள். "நாங்களும் அதுக்குப் பெறகு எங்கயும் நின்னதில்ல."

பஸ் வந்தது. படியேற அவளுக்குக் கை கொடுத்தேன்.